மண்டபம் கேம்ப்புக்கு ஒரு நினைவிடம் வேண்டுமா? வேண்டும் என்றால் எப்படி?

வைகைக்கரையான்

ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் இடம் பிடிப்பார்கள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர்ப் பெயரில் கேம்ப் எப்படி வந்தது என்று கேட்டால், “அகதி முகாம் இருக்குல்ல, அதான்” என்பார்கள். அகதிகள் வந்தது 1983 கலவரத்துக்குப் பிறகு. கேம்ப் அதைவிட ஏறக்குறைய எழுபது வருஷம் மூத்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அக்கரையில் மறுபடி ரயில். சிலோன் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன கூலி ஆட்களுக்கு இதுவே வழியாயிற்று. கப்பல் ஏறுவதற்கு முன் அவர்களை நிறுத்திப் பார்த்த இடம்தான் மண்டபம். அம்மை குத்துவார்கள், உடுப்புகளைக் கிருமி நீக்கித் தருவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். ஐந்தாறு நாள் சோறு போட்டு வைத்திருந்து, காலராவோ பிளேக்கோ இல்லை என்று தெரிந்தபின் ஏற்றிவிடுவார்கள். நடத்தியது சிலோன் அரசாங்கம். இந்திய மண்ணில், ராமநாதபுரம் சீமையில், இன்னொரு நாட்டின் வாசல்.

1939 ஆகஸ்டில் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசு தடை செய்தது. அதோடு அந்த வாசல் கிட்டத்தட்ட அடைபட்டது. பிறகு 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களை இறக்கியதும் அங்கேதான். 1983க்குப் பிறகு அகதிகள் வந்ததும் அங்கேதான். 2022ல் இலங்கையில் பொருளாதாரம் படுத்தபோது தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்ததும் அங்கேதான்.

நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கடலைத் தாண்டிய சாதாரண சனங்களின் கணக்கு ஒரே இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல முறையான ஒரு நினைவிடம் வேண்டாமா? இதற்கு என்ன செய்யலாம் என்று பேசத்தான் இந்த இழை.

---

உப்புக்காற்று

நல்ல யோசனைதான் அண்ணே. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். நீங்கள் நினைவிடம் கேட்கிற இடத்தில் இன்றைக்கும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கண்காட்சி வைத்தால் யார் உள்ளே போய்ப் பார்ப்பது? அனுமதி இல்லாமல் வெளியாள் நுழைய முடியாத முகாம் அது. டிக்கெட் கொடுத்து சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவோம் என்றால் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களையும் சேர்த்துத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

---

வைகைக்கரையான்

முகாமுக்குள் வேண்டாம் தம்பி. ஸ்டேஷனில் வைக்கலாம், சாலையோரம் வைக்கலாம். முதலில் வேண்டுமா வேண்டாமா என்று தெரியட்டும்.

---

கூடலூர் சிலோன்காரன்

வேண்டும்.

நாங்கள் 70களில் வந்த குடும்பம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வாங்கி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம். அங்கே அட்டையைப் பார்த்து எந்த ஊர், எந்தத் திட்டம் என்று பிரித்து அனுப்பினார்கள். எங்களுக்கு நீலகிரி, டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம். தாத்தாவின் தம்பிக்கு வியாபாரக் கடன் என்று எழுதினார்கள். கடை வைத்துப் பழக்கமே இல்லாத மனிதர். கொழுந்து பறிக்கவும் கவாத்து வெட்டவும் மட்டும் தெரிந்தவர். அந்தக் கடன் என்ன ஆயிற்று என்று சொல்லவே வேண்டாம், இந்த ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அப்பா மண்டபத்தைப் பற்றிச் சொல்கிறபோது நோய், மருந்து எதையும் சொல்ல மாட்டார். வெயிலைச் சொல்வார். லிந்துலைக் குளிரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வாழ்க்கையில் முதல் தடவையாக மணல் சுட்டுக் காலைத் தூக்கித் தூக்கி ஆடினார்களாம். “இதுதான் நம்ம நாடா?” என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். பதில் சொல்ல ஆள் இல்லை. தாத்தாவே இலங்கையில் பிறந்தவர், இந்தியாவை அதற்கு முன் பார்த்ததில்லை.

நினைவிடம் வைத்தால் போனவர்களை மட்டும் எழுதாதீர்கள். அனுப்பப்பட்டவர்கள் நாங்கள்.

---

ஆவணப்பூச்சி

கூடலூர் நண்பர் சொன்னதற்குப் பின்னணி. 1964 அக்டோபர் 30, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் என்று கணக்கிட்டது 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். 1974ல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். யாரையும் கேட்கவில்லை என்பது ஊரறிந்தது. இவர்களை நாடற்றவர்களாக்கிய இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் தொடங்கியது இது.

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. துறைமுகம், ரயில் பாதை எல்லாம் போயிற்று. அஞ்சே கால் லட்சம் பேரைக் கொண்டுவர நாடுகள் முடிவு செய்த அதே குளிர்காலத்தில் அவர்கள் வந்து இறங்க வேண்டிய துறையே இல்லாமல் போனது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாத்தா போன துறை வேறு, பேரன் திரும்பி வந்த துறை வேறு. மண்டபம் மட்டும் மாறவில்லை.

1914க்கு முந்தியதையும் விட்டுவிடக் கூடாது. அதற்கு முன் வடக்குப் பாதை. பாம்பன், தொண்டிப் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து வன்னிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடை. காப்பித் தோட்டக் காலம் முழுக்க அப்படித்தான். காலராவில் வழியோரம் செத்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. பிளேக் பயம் வந்தபின் அந்தப் பாதையை மூடி, தூத்துக்குடி வழியாக, தட்டப்பாறையில் முகாம் வைத்து அனுப்பினார்கள். மண்டபம் அதற்கும் அடுத்தது.

---

மாத்தளை மகள்

ஆவணப்பூச்சி அண்ணா சொன்ன பாதையில்தான் 2023ல் எங்கட ஆக்கள் நடந்தவை. மலையகத் தமிழர் வந்து 200 வருசம் என்று தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரைக்கும், ஜூலைக் கடைசியில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 வந்து சேர்ந்தது. வழியெல்லாம் முஸ்லிம் ஊர், சிங்கள ஊர், வடக்குத் தமிழ் ஊர், எல்லா இடத்திலும் தண்ணியும் சாப்பாடும் குடுத்தவை. எனக்கு அதுதான் நினைவிடம். கல்லு நட்டா ஒரு நாள் அமைச்சர் வருவார், அடுத்த நாள் காகம் வரும்.

ஆனா ஒரு விஷயம் கேட்க வேணும். அந்த நடை தலைமன்னாரில்தான் தொடங்கினது. அங்கால கரையில என்ன நடந்தது என்று எங்கட பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கட கதை கடலுக்குள்ள இருந்து தொடங்கின மாதிரி இருக்கு. மண்டபத்தில ஏதாவது இருந்தா அது எங்களுக்கும் உதவும்.

---

தோழர் கிட்டு

எல்லாரும் நோய்த் தடுப்பு என்று நாகரிகமாகப் பேசுகிறீர்கள். கங்காணி எங்கே? திருச்சியில் தலைமையகம் வைத்திருந்த சிலோன் லேபர் கமிஷன் எங்கே? கிராமத்தில் கடனைக் கொடுத்து, கழுத்தில் எண் போட்ட தகரத் துண்டைக் கட்டி, எந்தத் தோட்டம் என்று அதில் முத்திரை குத்தி, பார்சல் மாதிரி அனுப்பினார்கள். ரயில் கட்டணம், சாப்பாடு எல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். கங்காணி கொடுத்த முன்பணம் ஆளின் தலையில் ஏறும். கடன் தொகையைச் சீட்டில் எழுதித் தரும் ‘துண்டு’ முறை 1921ல் சட்டப்படி ஒழிகிற வரைக்கும் கடனை அடைக்காமல் தோட்டம் மாற முடியாது. போனவர்களில் பெரும்பகுதி யார்? பள்ளர், பறையர், சக்கிலியர், நிலமில்லாத இதர சாதிகள். கங்காணிகளில் பெரும்பாலோர் யார்? இதையெல்லாம் எழுதுகிற பலகை என்றால் வையுங்கள். ‘தேயிலைக்கு உயிர் கொடுத்த தியாகச் செம்மல்கள்’ என்று எழுதுவதாக இருந்தால் வேண்டாம்.

---

கூடலூர் சிலோன்காரன்

தோழர், நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பாட்டிக்குத் தன்னைப் பரிதாபமாகப் பேசினால் கோபம் வரும். பஞ்சத்தில் ஊரில் கஞ்சி இல்லை, மேல்சாதித் தெருவில் செருப்புப் போட முடியாது, அதனால்தான் எங்கள் அப்பன் கிளம்பினான், யாரும் மூட்டை கட்டித் தூக்கிப் போகவில்லை என்பார். இரண்டும் சேர்ந்துதான் உண்மை. பலகையில் இரண்டுக்கும் இடம் இருக்குமா என்று தெரியவில்லை.

---

நெறியாளர்

கங்காணிகளின் சாதி பற்றித் தொடர்ந்த பதினான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடரலாம். இங்கே மண்டபம்.

---

பே ஏரியா பாண்டியன்

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஏஞ்சல் ஐலண்ட் என்று ஒரு தீவு இருக்கிறது. டிபுரான் என்ற ஊரிலிருந்து படகில் போகலாம். 1910 ஜனவரியில் திறந்து 1940 வரை அமெரிக்காவின் மேற்குக் கரைக் குடியேற்ற நிலையமாக இருந்தது. ஏறக்குறைய மண்டபத்தின் சமகாலம். நினைவிடம் என்றால் எப்படி இருக்கலாம் என்று யோசிக்க அது உதவும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அது முக்கியமாகச் சீனர்களை வடிகட்டக் கட்டியது. 1882லேயே சீனத் தொழிலாளிகள் வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். வணிகர்கள், மாணவர்கள் போன்ற சிலரும், அமெரிக்காவில் பிறந்த சீனரின் பிள்ளைகளும் மட்டும் வரலாம். 1906 பூகம்பத்திலும் தீயிலும் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. அப்புறம் பலர் “நான் இங்கே பிறந்தவன், எனக்கு ஊரில் நாலு பையன்கள்” என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த இடங்களில் வேறு பையன்கள் விலை கொடுத்து வந்தார்கள், காகிதத்தில் மட்டும் மகன்கள். அதிகாரிகள் அதைப் பிடிக்கக் கேள்வி கேட்டே துளைத்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எங்கே இருக்கும்? மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள்? தந்தை ஒன்று சொல்லி மகன் வேறு சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். உண்மையான மகனே தடுமாறுவான். அதனால் கப்பலிலேயே மனப்பாடம் செய்து, தாள்களைக் கடலில் எறிந்துவிட்டு வருவார்கள். குவோக் ஷீ என்ற பெண்ணை ஏறக்குறைய இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள்.

காத்திருந்தவர்கள் மரச் சுவர்களில் கவிதை செதுக்கினார்கள். பழைய சீன மரபுக் கவிதை வடிவத்தில், கோபம், ஏக்கம், பழி வாங்குவேன் என்ற சபதம் எல்லாம். நிர்வாகம் அதன் மேல் பெயின்ட் அடித்தது, பள்ளங்களை மக்கு வைத்து அடைத்தது. மறுபடி செதுக்கினார்கள். 1940ல் நிர்வாகக் கட்டடம் எரிந்தது, நிலையம் மூடப்பட்டது. போர்க்காலத்தில் ராணுவம் போர்க் கைதிகளை அங்கே வைத்தது. அப்புறம் பூங்கா இலாகா கையில் வந்து, பழைய கொட்டகைகளை இடித்துவிடலாம் என்று இருந்தார்கள். 1970ல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தார். மேலதிகாரிகள் அசட்டை செய்தபோது பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடம் போய்ச் சொன்னார். அங்கே அடைபட்டிருந்தவர்களின் பிள்ளைகள் கூடிப் போராடி, 1976ல் கலிஃபோர்னியா சட்டமன்றத்திடம் 2,50,000 டாலர் வாங்கினார்கள். 1983ல் கொட்டகை பார்வைக்குத் திறந்தது. 1997ல் தேசிய வரலாற்றுச் சின்னம். 2022ல்தான் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் அருங்காட்சியகமாக மாறியது. முதல் டார்ச் வெளிச்சத்துக்கும் அதற்கும் நடுவே அரை நூற்றாண்டு.

நம்மவர்களும் அங்கே உண்டு, பெரும்பாலும் பஞ்சாபிகள். திருப்பி அனுப்பும் விகிதம் இந்தியர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. ‘அரசாங்கத்துக்குச் சுமையாவார்கள்’ என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொக்கிப்புழு.

---

ஆவணப்பூச்சி

பாண்டியன், கடைசி வரியில் நீங்கள் விட்டுப்போன இடத்தில்தான் எனக்கு விஷயமே இருக்கிறது. அதே புழு. 1910ல் சான்பிரான்சிஸ்கோவில் கொக்கிப்புழு இருப்பவன் உள்ளே வரத் தகுதியற்றவன். மண்டபத்தில் அதே புழு இருப்பவனுக்கு மருந்து கொடுத்து, தேற்றி, கப்பலில் ஏற்றுகிறார்கள். மருத்துவம் ஒன்றுதான். ஒருவன் உழைப்பு வேண்டும் என்கிறான், இன்னொருவன் வேண்டாம் என்கிறான். அங்கே இந்தியனை ‘வராதே’ என்று நிறுத்தினார்கள். இங்கே ‘தோட்டத்தில் செத்துவிடாமல் வா’ என்று நிறுத்தினார்கள். மண்டபத்தில் ஒரே ஒரு படம் மாட்ட இடம் இருந்தால் நான் அந்த மருந்துச்சீட்டை மாட்டுவேன்.

---

உப்புக்காற்று

சுவரில் கவிதை எழுதியதால் ஏஞ்சல் ஐலண்ட் தப்பித்தது. மண்டபத்தில் யார் எழுதினார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்த எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்?

---

மாத்தளை மகள்

எழுதேல்லை, பாடினவை. கூனி அடிச்ச மலை, கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை என்று எங்கட அம்மம்மா பாடுற பாட்டு இன்னும் இருக்கு. தோட்டப் பாட்டுகள் கனக்க இருக்கு. கப்பல், கடல், கங்காணியைத் திட்டுறது எல்லாம் அதுக்குள்ள வரும். சுவர் வேண்டாம், வாயில இருக்கு. ஆனா பாடுற கிழவிகள் ஒவ்வொருத்தரா போகினம்.

---

போர்ட்லூயி முருகன்

மொரீஷியஸிலிருந்து. எங்கள் நாட்டில் ஆப்ரவாசி காட் என்ற பழைய குடியேற்ற நிலையம் இருக்கிறது. 1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் கப்பலில் வந்த 36 பேரிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. 1920 வரை ஏறக்குறைய அஞ்சு லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று இடத்திலிருந்தும். சென்னைக் கப்பலில் வந்தவர்களின் வழியில் வந்தவன் நான். அந்தக் குடியேற்ற டிப்போவை 1849ல் கட்டினார்கள். 2006ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் 2 தேசிய விடுமுறை, பிரதமர் வந்து மாலை போடுவார்.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வளாகத்தில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி மேல் சாலை ஓடுகிறது. படிக்கட்டு, ஆஸ்பத்திரிப் பகுதி, சில சுவர்கள். யுனெஸ்கோவுக்கு முன்னாலேயே அழித்துவிட்டோம்.

எங்களுக்கு உண்மையில் கிடைத்த செல்வம் கல் அல்ல. மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, வந்த கப்பல். 1860களிலிருந்து போட்டோகூட உண்டு. குடும்பப் பெயரும் எண்ணும் இருந்தால் எந்த ஜில்லாவிலிருந்து வந்தோம் என்று தேடலாம். எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறைக்குப் பிறகு ஊர்ப் பெயர் தெரிந்தது அப்படித்தான். மண்டபத்துப் பதிவேடுகள் எங்கே?

---

ஆவணப்பூச்சி

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே சரியான கேள்வி.

ஒரே இடத்தில் கிடையாது. கேம்ப்பை நடத்தியது சிலோன் அரசு, எனவே நிர்வாகக் கோப்புகளைத் தேட வேண்டிய முதல் இடம் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகம். 1922 குடிபெயர்வுச் சட்டம் வந்தபின் இந்திய அரசும் கண்காணித்தது. கண்டியில் ஒரு ஏஜென்ட் இருந்து வருஷா வருஷம் அறிக்கை அனுப்பினார். அது டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் சென்னையிலும் தேட வேண்டியது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுச் சுகாதாரம், தொழிலாளர், உள்ளாட்சி என்று பல துறைக் கோப்புகளில் மண்டபம் சிதறிக் கிடக்கும். 60களுக்குப் பிந்தியது மறுவாழ்வுத் துறை.

மொரீஷியஸில் ஒப்பந்தம் என்பதால் ஆளாளுக்குத் தனிப் பதிவு தேவைப்பட்டது. சிலோனுக்கு அப்படி ஐந்து வருஷ ஒப்பந்தம் இல்லை. கங்காணியும் தகரத் துண்டும் போதும் என்று விட்டார்கள். அதனால் பெயர்வாரியாகத் தேடினால் அதே வளம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்து நாடு, குறைந்த செலவு, குறைந்த காகிதம்.

ஆகவே என் கருத்து: முதல் காசு கல்லுக்கு வேண்டாம். காகிதத்துக்கும் குரலுக்கும்.

---

பினாங்கு ராஜி

மலேசியாவில் எங்கள் பாட்டன்மார் ஆவடி, நாகப்பட்டினம் டிப்போவில் இருந்து கப்பல் ஏறி, பினாங்கு பக்கத்தில் ஜெரஜாக் தீவில் இறங்கி ‘கொரண்டி’ (குவாரன்டைன், நோய்த் தடுப்புத் தனிமை) கழித்தவர்கள். தொழுநோயாளர் முகாமும் அங்கேதான். அப்புறம் 1969 முதல் அது சிறை. 1993ல் மூடினார்கள். பிறகு ரிசார்ட். அங்கே கல்யாணப் போட்டோ எடுத்தார்கள். சும்மா விட்டால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி வைக்கிறேன். மண்டபமும் கடற்கரை நிலம்தானே.

---

வைகைக்கரையான்

ராஜி அக்கா, நியாயமான பயம். ராமேஸ்வரம் பாதையில் நிலம் என்ன விலைக்குப் போகிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபின் இன்னும் ஏறும். பழைய பாலம் நூறு வருஷ அதிசயம் என்று எல்லா டிவியும் காட்டின. அதன் மேல் யார் போனார்கள் என்று ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. யாத்திரை போனவர்களை மட்டும் காட்டினார்கள்.

ஆவணப்பூச்சி சொல்கிற காகிதமும் வேண்டும். ஆனால் கொழும்பு ஆவணக் காப்பகத்தில் இருப்பதை உச்சிப்புளிப் பையன் போய்ப் பார்க்க மாட்டான். தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறவனுக்கு ஒரு பலகையாவது வேண்டும்.

---

முகாம் பிள்ளை

ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன். வேறு மாவட்டத்தில் ஒரு முகாமில் பிறந்தவன் நான். அம்மா அப்பா 1990ல் வந்தவர்கள். எல்லாரையும் போல மண்டபத்தில் பெயர் பதிந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் அனுப்பினார்கள்.

எங்கள் அம்மாவின் குடும்பம் யாழ்ப்பாணம் இல்லை. ஹட்டன் பக்கம். 1977, 81 கலவரங்களில் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினவர்கள். அங்கிருந்து போரில் இங்கே. அம்மாவின் பாட்டனார் திருச்சி ஜில்லாவிலிருந்து போனவர் என்று சொல்வார்கள். 1914க்குப் பிறகு போனார் என்றால் அவரும் மண்டபம் வழியாகத்தான் போயிருப்பார். கூடலூர் அண்ணன் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே வரிசையில் நின்றிருக்கலாம். அவர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள், இந்தியர்கள். நாங்கள் படகில் வந்தோம், அகதிகள். நான் இந்த நாட்டில் பிறந்து, இங்கே பட்டம் வாங்கி, இன்னும் எந்த நாட்டுக்காரனும் இல்லை. பெயர் மட்டும் 2021ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை.

நினைவிடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நினைவு கூர்வது என்றால் முடிந்துபோன ஒன்றைத்தான் என்று நினைத்திருந்தேன்.

---

தோழர் கிட்டு

தம்பி சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. சட்ட விவரம் மட்டும். 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் திருச்சிப் பக்க முகாம்களைச் சேர்ந்த மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்த வேறுபாட்டைத்தான் எடுத்துப் பேசினார். இவர்கள் வேர் இந்தியாவில், குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலியுங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னார். பாட்டன் போன பதிவு எங்காவது ஒரு கோப்பில் இருந்தால் அது பேரனுக்குச் சாட்சி. ஆவணப்பூச்சியின் காகிதத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், நாம் எல்லாரும்.

---

பே ஏரியா பாண்டியன்

முகாம் பிள்ளை எழுதியதைப் படித்தபின் ஒரு கதை. 1915ல் பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் மனைவி கலா, மூன்று பையன்களோடு ஏஞ்சல் ஐலண்டில் இறங்கினார். கையில் 25,000 டாலர் பெறுமானமுள்ள தங்கம். சில நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். 1921ல் குடியுரிமை கிடைத்தது. 1923ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் தின்ட் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமைக்கு உரியவர் அல்ல என்றது. கொடுத்ததைப் பறித்தார்கள். கடையை விற்க வேண்டி வந்தது. 1928ல் தற்கொலை செய்துகொண்டார். கலா பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். இன்று பெர்க்லியில் ஒரு தெருவுக்கு அந்த அம்மாள் பெயர்.

தெருப் பெயர் நூறு வருஷம் கழித்து வருகிறது. தம்பிக்கு அது எந்த வகையிலும் ஆறுதல் இல்லை என்று தெரியும்.

---

உப்புக்காற்று

சரி. நான் முதலில் எதிர்த்தது சுற்றுலா மாதிரி ஆகிவிடும் என்பதற்காக. இப்போது என் யோசனை. முகாமைத் தொடவே வேண்டாம். ஸ்டேஷனில் ஒரு பலகை, தமிழில். நான்கே வரிச் செய்தி: 1914 முதல் யார் போனார்கள், ஒப்பந்தத்தில் யார் வந்தார்கள், போரில் யார் வந்தார்கள், இன்னும் யார் காத்திருக்கிறார்கள். ரயில்வே ஒப்புக்கொள்ளுமா தெரியாது, மனு போட்டுப் பார்க்கலாம். எம்.பி. அலுவலகம் வழியாகப் போனால் கொஞ்சம் வேகமாக நகரும்.

---

மாத்தளை மகள்

நான்காவது வரியை வைக்க விட மாட்டினம். ஆனா கேட்டுப் பாருங்கோ. அதே பலகையைத் தலைமன்னாரிலும் வைக்க நாங்கள் இஞ்ச கேட்டுப் பார்க்கிறம். அங்க சிங்களத்திலையும் வேணும்.

---

ஆவணப்பூச்சி

பலகை ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூடலூர், கோத்தகிரி, வால்பாறை, கர்நாடகத்தில் சுள்ளியா, நிக்கோபாரில் கச்சால் என்று திரும்பி வந்தவர்கள் சிதறியிருக்கிற ஊர்களில், வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிற குடும்ப அட்டைகள், பாஸ்போர்ட்கள், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளைப் படம் எடுத்து வைக்கலாம். போட்டோ ஒட்டிய குடும்ப அட்டைதான் முதல் வேலை, பசை காய்ந்து உதிர்கிறது.

உயிரோடு இருப்பவர்களின் எண்ணையும் முகவரியையும் பொதுவில் போட வேண்டாம். முகாமில் இருப்பவர்கள் எதையும் அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கூடலூர் சிலோன்காரன்

எங்கள் லைனில் (தோட்டத்து வரிசை வீடுகள்) மட்டும் இருபது வீட்டிலாவது அட்டை இருக்கும். சிலவற்றைக் கரையான் தின்றிருக்கிறது. லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிடலாமா? கேட்டால் எல்லாரும் சந்தோஷமாகத் தருவார்கள்.

---

ஆவணப்பூச்சி

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பழைய மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், முன்னும் பின்னும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். அட்டைக்காரரே தன் வாயால் அதைப் பற்றிச் சொல்வதை இரண்டு நிமிஷம் போனில் பதிவு செய்யுங்கள், முக்கியமாக மண்டபத்தில் என்ன நடந்தது என்று. அட்டையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

கூடலூர் சிலோன்காரன்

சரி. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, எங்கள் லைனில் தொடங்குகிறேன். முகாம் பிள்ளை, உங்கள் அம்மாவின் பாட்டனார் எந்தத் தோட்டம் என்று வீட்டில் யாருக்காவது நினைவு இருக்கிறதா? ஹட்டன் பக்கம் என்றால் எங்கள் ஆட்களில் கேட்டுப் பார்க்கலாம்.

---

முகாம் பிள்ளை

அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்தின் பெயர் வாயில் வரவில்லை, ஏதோ வெள்ளைக்காரப் பெயர், நாங்கள் ‘மேல் கணக்கு’ என்றுதான் சொல்வோம் என்றார். பெரிய கங்காணி பெயர் மட்டும் நினைவிருக்கிறது. தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் அண்ணா.